வெளுக்காத சாயம்

ஒருவன் கொண்டிருந்த போலிப் பெருமை வெளிப்பட்டவிடத்து, "அவன் சாயம் வெளுத்துவிட்டது" என்று கூறுவது நம்மவர் வழக்கு. இவ்வழக்குத் தோன்றிய காலத்துச் சாயங்களிற் பல வெளுக்கும் இயல்பின. சில வெயிலுக்கு ஆற்றா. சில சலவைக்கு ஆற்றா. அவுரியிலிருந்து எடுத்த நீலமோ அக்காலத்திலும் உறுதியானது. பஞ்சதந்திரக் கதையிலே நீலத்தொட்டியில் வீழ்ந்தெழுந்து காட்டுக்கு அரசனான நரியைக் காட்டிக்கொடுத்தது அதன் ஊளையேயன்றிச் சாயம் அன்று. கதை சொன்னோர் அந்நரியைத் தொடர்ந்து காட்டுக்குப் போயினர். சாயக்காரன் அத்தொட்டி நீரை எங்கே கொண்டுபோய் ஊற்றினான் என்று ஒருவரும் கேட்டாரல்லர். இக்கட்டுரை அவ்வூற்றிய நீரைப் பற்றியது.

அக்காலத்தில் அதனைக் கேட்கவேண்டிய தேவையும் பெரிதாக இருக்கவில்லை. சாயம் செடியிலிருந்து வந்தது, சிறிதளவே வந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் முளைக்கும் சாயவேரை நம் முன்னோர் நன்கறிவர். மருத்துவ நூலார் அதனை இம்பூறல் என்பர். அதன் வேர் தந்த செந்நிறத்தைப் படிகாரத்தின் துணைகொண்டு துணியில் ஏற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேரைத் தோண்டும் உரிமையை அரசு தன் கையிலே வைத்திருந்தது என்றால், அதற்கிருந்த மதிப்பு விளங்கும். 1868ஆம் ஆண்டிலே கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர், அச்செந்நிறத்துக்கு முதலாகிய அலிசரின் என்னும் பொருளை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் வழியைக் கண்டனர். அதன்பின் வேரைத் தோண்டுவார் இலராயினர்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வாயில் திறந்துவிட்டது. 1856இல் இலண்டனில் வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் குயினைனை ஆக்க முயன்று, அது கைகூடாமல், ஊதா நிறச் சாயமொன்றைக் கண்டார். 1858இல் பீற்றர் கிரீஸ் என்பார் கண்ட இரசாயன வினையிலிருந்து அசோச் சாயங்கள் எனப்படும் பெருங்குடும்பம் பிறந்தது. இன்று உலகில் வழங்கும் சாயங்களிற் பாதிக்கு மேற்பட்டவை இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இறுதியாக 1956இல், பருத்தி நாரோடு இரசாயனப் பிணைப்பால் ஒன்றிவிடும் வகைச் சாயங்கள் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தன. முந்திய சாயங்கள் நாரின்மேற் படிந்தன; இவை நாரின் உறுப்பாகவே ஆகிவிட்டன. சவர்க்காரத்துக்கும் வெயிலுக்கும் வியர்வைக்கும் அசையாத நிறம் மனிதனுக்குக் கிடைத்தது. துணிக்குக் குணமாகிய அதுவே நீருக்குக் குற்றமாயிற்று.

எங்ஙனமெனின், தொட்டியிலிட்ட சாயம் முழுவதும் துணியைச் சென்று சேர்வதில்லை. பிணையும் வகைச் சாயங்கள் நாரோடு பிணைவதுபோலவே நீரோடும் வினைபுரிந்துவிடும். நீரோடு வினைபுரிந்த சாயம் பின்னர் நாரோடு பிணையும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. நூற்றுக்கு இருபது முப்பது பங்கு வரை, சில நிறங்களில் அதற்கு மேலும், இவ்வாறு தொட்டியிலேயே தங்கிக் கழிவோடு வெளியேறும். ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருப்பினும் சில நிறங்களைக் கண் கண்டுகொள்ளும். தொழிலகங்களின் கழிவிலோ அதனினும் பன்மடங்கு உண்டு.

இதன் விளைவைத் தமிழர் அறிந்துகொள்ள அயல்மொழி நூல்களைத் தேடவேண்டியதில்லை. கொங்கு நாட்டிலே வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் ஊடறுத்துச் சென்று, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊரின் அருகே காவிரியிற் கலக்கும் ஆறு நொய்யல். கச்சியப்ப முனிவர் இயற்றிய பேரூர்ப் புராணத்திலே காஞ்சிநதி எனப் போற்றப்படுவது இதுவே. தலபுராணம் பெற்ற ஆறு பிற்காலத்தில் வழக்குமன்றம் ஏறிய கதை துயரமானது. கடந்த நூற்றாண்டின் எழுபதுகள் எண்பதுகளிலிருந்து திருப்பூரின் பின்னலாடைத் தொழில் விரைந்து வளர்ந்தது. வெளிநாடுகளுக்கு ஆடைகள் சென்றன. சாயத் தொழிலகங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய நீரோ அவ்வூரில் இல்லை. தொலைவிலிருந்து வண்டிகளிற் கொணர்ந்த நன்னீர் தொட்டிகளிற் புகுந்தது. நிறநீராய் வெளிவந்து ஆற்றிற் சேர்ந்தது.

2009ஆம் ஆண்டிலே பேரூர்த் தரிசனத்துக்குச் சென்ற யான் திருப்பூர் வழியாகத் திரும்பினேன். தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "ஆத்தப் பாத்தாவே இந்த வாரம் என்ன கலரு ஓடுதுன்னு சொல்லிப்போடலாமுங்க" என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொன்னார்போலத் தோன்றவில்லை. காலநிலை கூறுவார்போலச் சொன்னார்.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் என்னுமிடத்தில் பாசனத்துக்காக 1992இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை கட்டினோர் எண்ணியது மழைநீரை. வந்து நிறைந்தது சாயநீர். அணை நீரைத் திறந்துவிடுக என்று வேண்டுவது உழவர் இயல்பு. ஒரத்துப்பாளையத்தின் கீழுள்ள உழவரோ, திறந்துவிடாதீர் என்று வேண்டினர். உலகில் வேறெங்கேனும் உழவர் தம் அணைக்கதவை அடைத்துவைக்குமாறு கேட்டதுண்டோ, யான் அறியேன். கிணறுகள் உவர்த்தன, தென்னையும் மஞ்சளும் விளைந்த நிலங்கள் பாழாயின. பாசன உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்ற கட்டளை பிறந்தது. 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கட்டளை முறையாக நிறைவேறாமை கண்டு, 2011 சனவரியிலே சென்னை உயர் நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயத் தொழிலகங்களை மூடுமாறு பணித்தது. உழவர் மூச்சுவிட்டனர், தொழிலாளர் பலர் வேலையின்றி ஊர் திரும்பினர். இரு திறத்தாரும் ஏழைகளே என்பதை ஈண்டு மறத்தலாகாது.

நிற்க. நீரிற் கலந்த சாயத்தை நீக்குதல் ஏன் இத்துணைக் கடினமாயிற்று? கலங்கிய நீரைத் தெளிவித்தல் தமிழருக்குப் பழகிய செயல். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீர் வார்த்தால் கலங்கல் அடியிற் படியும். கலித்தொகைப் புலவர் இதனை உவமையாகவே எடுத்தாண்டிருக்கின்றார். ஆயின் அங்கே நீக்கப்படுவது மண். மண் நீரில் மிதக்கின்றது, கரையவில்லை. அதன் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் பாரத்தால் தாழ்ந்துவிடும். சாயமோ கரைந்தது. அதன் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளுக்கிடையே தனித்தனியாய்ப் பரந்து நிற்கின்றன. வடிதுணியிட்டாலும் வடிதாளிட்டாலும் அவை நீரோடு சேர்ந்தே இறங்கிவிடும். கலங்கலுக்கும் கரைசலுக்கும் உள்ள இவ்வேறுபாடே இவ்விடயத்தின் உயிர்நிலை. கரைந்து திரியும் மூலக்கூற்றைப் பிடிக்கவேண்டுமாயின், நீரைவிடத் தன்னை அது விரும்பத்தக்கதொரு பரப்பினை அதன்முன் வைத்தல் வேண்டும்.

இவ்வாறு ஒரு பொருளின் மேற்பரப்பிற் பிறிதொன்று சென்று படிதலை நம் நாட்டுப் பாடநூலார் புறத்துறிஞ்சல் என்பர். தமிழகத்தார் பரப்புக் கவர்ச்சி என்பர். ஈண்டு யாதும் உறிஞ்சப்படவில்லை, கவரப்படுகின்றது. ஆதலால் அவர்கள் சொல்லே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. எனினும் மாணவர் தேர்விலே புறத்துறிஞ்சல் என்றே எழுதுக.

கவர்ந்து பிடிக்கும் பொருள்களுள் முதன்மையானது கரி. நம் நாட்டிலே தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியால் அதிலே நுண்டுளைகளை உண்டாக்கிச் செய்யும் கரி உலகச் சந்தையிற் பெயர்பெற்றது. அதன் ஆற்றலில் ஐயமில்லை. ஆயின் சாயம் நிறைந்து சோர்ந்த கரியைப் புதுப்பிக்க மிக்க வெப்பம் வேண்டும், செலவு வளரும். எனவே மலிவானதும், எளிதாகக் கழுவி மீண்டும் பயன்படுத்தத்தக்கதுமான ஒரு பொருளை ஆராய்ச்சியாளர் தேடலாயினர். அத்தேட்டத்திலே அவர்கள் சென்றடைந்த வாயில்களுள் ஒன்று பற்றீரியா. பற்றீரியா என்னும் அயற்சொல் தமிழிலே "பற்று" என்று தொடங்குவது தற்செயலேயாயினும், இவ்விடத்தில் அது நன்றாகவே வாய்த்திருக்கின்றது.

சாயத்துக்கும் பற்றீரியாவுக்கும் உள்ள உறவு புதியதன்று. அவுரி நீலம் நீரிற் கரையாதது. பழைய சாயக்காரர் அதனைத் தொட்டியில் இட்டுப் பல நாள் புளிக்கவைத்தனர். அவர்கள் கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்கள் அதனை மாற்றி, மஞ்சட்பசுமை நிறமுடையதாய்க் கரையச் செய்தன. அதில் தோய்த்தெடுத்த துணி காற்றுப்பட்டதும் நீலமாயிற்று. நீலத்தைக் கரைத்த குலத்தினையே இன்று நிறத்தைப் பிடிக்க ஏவுகின்றோம்.

வினாகிரி புளிக்கும் பாத்திரத்தின் மேலே வழவழப்பான தோலொன்று படர்வதைப் பலர் கண்டிருப்பர். 1886இல் ஏட்ரியன் பிரவுண் என்னும் ஆங்கில அறிஞர் அத்தோலை ஆராய்ந்து, அது செலுலோசு என்று காட்டினார். பருத்திப் பஞ்சு எப்பொருளோ அப்பொருளே அத்தோலும். செடியின் துணையின்றி ஒரு பற்றீரியா பஞ்சினை நூற்கின்றது என்றால் வியப்பன்றோ! முன்னர் அசற்றோபற்றர் சைலினம் என்றும், இப்போது யப்பானிய அறிஞர் கொமகாத்தாவின் நினைவாகக் கொமகாத்தாயிபற்றர் சைலினசு என்றும் அழைக்கப்படும் இவ்வுயிர், தன் உடலின் பக்கத்தில் வரிசையாக அமைந்த நுண்டுளைகளினூடே செலுலோசு இழைகளை வெளிவிடும். ஒட்சிசன் மிக்க நீர்மேற்பரப்பிலே தங்கி வாழ்வதற்கு அது கட்டிக்கொள்ளும் தெப்பம் அத்தோல். அதன் இழை பருத்தி நாரை நூறு கூறிட்டால் வரும் கூற்றினும் நுண்ணியது. ஈரத்தோலின் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரேயாம். எஞ்சிய ஒரு பங்கு இழைவலை அந்நீர் முழுவதையும் தாங்கி நிற்கின்றது. இழை நுண்ணிதாகுந்தோறும் பரப்புப் பெருகும். பரப்புப் பெருகுந்தோறும் சாயம் வந்து அமரும் இடமும் பெருகும்.

பிலிப்பைன் நாட்டார் இத்தோலை உண்கின்றனர். தேங்காய்த் தண்ணீரிலே அதனை வளர்க்கும் முறையை 1949இல் தெயோடுலா ஆபிரிக்கா என்னும் அம்மையார் வகுத்தார் என்பர். நாட்டா என்பது பாலாடையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். பாகிலிட்ட அத்துண்டுகள் இன்று நம் கடைகளிலும் போத்தல்களில் விற்கப்படுகின்றன. நுங்கு என்று மயங்கி உண்பாரும் உளர்.

அயற் பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதனைத் தம் மாணவர்க்குச் செய்துகாட்டினார். யானும் அழைக்கப்பட்டுச் சென்றிருந்தேன். கோயில் அன்னதான மடத்திலிருந்து கொணர்ந்த தேங்காய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, சிறிது சீனியும் வினாகிரியும் சேர்த்து, புளித்த தேநீரின் மேலே படரும் தோலிலிருந்து ஒரு துண்டினை வித்தாக இட்டு, துணியால் மூடி இரண்டு வாரம் அசையாது வைத்திருந்தார். அரைவிரற் கனமான தோல் திரண்டிருந்தது. மெல்லிய எரிசோடாக் கரைசலிலே கொதிக்கவைக்க அதிலிருந்த பற்றீரியாக்கள் மடிந்து நீங்கின. பலமுறை கழுவ, வெள்ளைவெளேரென்று ஆயிற்று. மாணவர் தொட்டுப் பார்த்து நகைத்தனர். மெதிலீன் நீலத்தை ஐதாகக் கரைத்த கண்ணாடிக் குவளையொன்றில் ஒரு துண்டினை இட்டு மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் குவளையின் நீர் பெரிதும் தெளிந்திருந்தது. முன்வாங்கிற் சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், சாயம் எங்கை போட்டுது?" என்றான்.

"போகேல்லைத் தம்பி. உந்தத் தோலிலைதான் கிடக்குது" என்று நண்பர் அதனை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். தோல் நீலமணிபோல் இருந்தது.

ஆயின் உண்மையான சோதனை அதன்பின்னரே நிகழ்ந்தது. பற்றிக் துணி செய்வார் ஒருவரிடமிருந்து, துணியைத் தோய்த்தெடுத்தபின் எஞ்சிய சிவப்புச் சாயநீரை நண்பர் வாங்கி வந்திருந்தார். அதிலே இட்ட தோல் மெல்லிய இளஞ்சிவப்பு நிறங் கொண்டதேயன்றி, நீர் தெளியவில்லை. மூன்று நாள் கழித்தும் அவ்வாறே இருந்தது. மாணவர் முகம் வாடிற்று. எனக்கோ அதன் காரணத்தை அறிந்தபோது, இலக்கணத்திலே விதியை விளக்க விலக்கு வந்து உதவுவதுபோன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

காரணம் இரண்டு. செலுலோசின் பரப்பு நீரிலே சிறிது எதிரேற்றங் கொள்ளும். மெதிலீன் நீலம் நேரேற்றமுடையது. ஆதலால் ஒன்றையொன்று கவர்ந்தன. துணிச்சாயங்களிற் பல எதிரேற்றமுடையன; ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும். இஃது ஒன்று. மற்றையது நுட்பமானது. பருத்திக்கான பிணைசாயத்தை ஆக்குவோர், பிணையாது எஞ்சும் சாயம் துணியில் ஒட்டிக்கொண்டிராமல் எளிதிற் கழுவுண்டு போகவேண்டும் என்று கருதியே அதனை அமைக்கின்றனர். இல்லையேல் துணி முதற் சலவையிலே சாயம் விடும். எனவே கழிவுநீரில் உள்ள சாயம் செலுலோசினாற் கைவிடப்பட்ட சாயம். பருத்தி கைவிட்டதனைப் பருத்தியின் உடன்பிறப்பாகிய தோல் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தோம்!

ஆராய்ச்சியாளர் இவ்விடத்திலேதான் தம் கைத்திறனைக் காட்டுகின்றனர். செலுலோசு இழையிலே அமைன் எனப்படும் நைதரசன் கூட்டங்களை இணைக்கின்றனர். அல்லது இறால் நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசன் என்னும் பொருளை இழைவலையிற் கலக்கின்றனர். அமிலஞ் சேர்ந்த நீரிலே அக்கூட்டங்கள் நேரேற்றம் பெற்று, எதிரேற்றச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும். நீரைக் காரமாக்கினால் பிடி தளரும், சாயம் விடுபடும், தோல் மீண்டும் பணிக்கு ஆயத்தமாகும். இரும்பொட்சைட்டின் நுண்துகள்களை இழைக்கிடையே வளரச்செய்து, வேலை முடிந்ததும் காந்தத்தால் தோற்றுணுக்குகளை அள்ளியெடுப்பாரும் உளர்.

தோலன்றி வேறு பொருள்களும் உள. 1956இல் யப்பானிலே, உணவுக்குச் சுவையூட்டும் குளுத்தமேற்றை வெளிவிடும் பற்றீரியா ஒன்று கண்டறியப்பட்டது. கொரினிபற்றீரியம் குளுத்தமிக்கம் என்பது அதன் பெயர். அதனைக்கொண்டு நடக்கும் ஆலைகளிலே சுவையுப்பைப் பிரித்தெடுத்தபின் இறந்த பற்றீரியாக்கள் கழிவாகக் குவியும். தென்கொரிய ஆய்வாளர் சிலர் 2000களில் அக்கழிவை உலர்த்தி, துணித்தொழிலில் மிகுதியும் வழங்கும் கறுப்புப் பிணைசாயமொன்றின் கரைசலில் இட்டனர். அமில நிலையிலே அது சாயத்தை வலிதிற் பற்றியது. அவ்வுயிரின் சுவரிலே அமைன் கூட்டங்கள் இயல்பாகவே இருந்தமையே காரணம். ஓராலையின் கழிவு மற்றோராலையின் கழிவைத் துப்புரவாக்குகின்றது. யப்பானியர் உண்ணும் நாட்டோ என்னும் புளித்த சோயா அவரையின் பிசின், முற்கூறிய தேற்றாங்கொட்டையின் வேலையைச் செய்வது. நாட்டாவும் நாட்டோவும் ஒலியால் ஒத்திருப்பினும் உறவினவல்ல.

உயிருள்ள பற்றீரியாவையே கழிவுநீரில் விட்டுச் சாயத்தைத் தின்னச் செய்யலாகாதோ என்று வினவலாம். செய்யலாம், செய்தும் வருகின்றனர். காற்றற்ற தொட்டியிலே அவை அசோச் சாயத்தின் நடுப்பிணைப்பைத் துண்டிக்கும், நிறம் மறையும். ஆயின் துண்டங்கள் மறைவதில்லை. சில சாயங்களிலிருந்து புற்றுநோய் விளைக்கும் அமைன்கள் அவ்வாறு பிறக்கும். கொங்கோச் சிவப்பிலிருந்து பிறக்கும் பென்சிடீன் அவற்றுள் ஒன்று. உடலிற்பட்டு இத்தகைய அமைன்களை விடத்தக்க சாயங்களை ஆடைகளில் இடுதலைச் செருமனி 1994இல் தடைசெய்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தது. அத்துண்டங்களைக் காற்றூட்டிய மற்றொரு தொட்டியில் மேலும் சிதைக்காவிடின், நிறமுள்ள தீமை நிறமற்ற தீமையாக மாறும்; அவ்வளவே. பற்றிப் பிடிக்கும் பொருளோ சாயத்தைச் சிதைக்காமல் முழுதாக வெளியே எடுக்கின்றது. இது அதன் சிறப்பு.

இங்ஙனம் எழுதுங்கால் நொய்யலின் துயர் தீர்ந்துவிட்டதுபோலப் படிப்போர் மகிழ்தல் கூடும். அது தீரவில்லை என்பதை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. பிணைசாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்குத் தொட்டியில் உப்பு இடுகின்றனர். அழுத்தமான நிறங்களுக்கு லீற்றர் ஒன்றுக்கு 40 முதல் 100 கிராம் வரையும் இடுவதுண்டு. கடல்நீரில் உள்ளது ஏறத்தாழ 35 கிராமே. நொய்யற்கரைக் கிணறுகளை உவராக்கியதும் தென்னையைப் பட்டுப்போகச் செய்ததும் நிறமன்று, பெரும்பாலும் இவ்வுப்பே. பற்றீரியாத் தோல் உப்பைத் தொடாது. அன்றியும், உப்பு மிக்க நீரிலே ஏற்றங்களின் கவர்ச்சி குன்றுவதால், சாயத்தைப் பிடிக்கும் ஆற்றலும் குறையும். ஆய்வுகூடத்திலே தூய நீரிற் கரைத்த சாயத்தைக்கொண்டு பெற்ற பெறுபேறுகளை யான் சிறிது ஐயத்தோடு நோக்குவது இதனாலேயே.

நிறமுள்ள நீர் தன் குற்றத்தைத் தானே கூறும். அந்தத் தேநீர்க்கடை முதியவருக்கு இரசாயனம் தெரியவேண்டியதில்லை. ஆற்றைப் பார்த்தாலே போதும். நிறத்தை மாத்திரம் நீக்கி உப்பை அப்படியே விட்டால், ஆற்றின் வாயை அடைத்ததாகும். ஆதலால், உப்பை நீக்கும் நுண்சவ்வுகளினூடே நீரை அழுத்திச் செலுத்தும் எதிர்ப்பிரசாரண முறை இன்றியமையாதது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதனைக் கைக்கொண்டன. மிகுந்த மின்சாரம் உண்ணும் அம்முறையிலே சவ்வுகள் சாயத்தாலும் பிற கசடுகளாலும் அடைபட்டுப் பழுதாகும். பற்றீரியா தந்த பொருளுக்கு உரிய இடம் அச்சவ்வுகளுக்கு முன்னே என்பது என் துணிபு. சவ்வைக் காத்தாற் போதும். சவ்வின் வேலையை அது செய்யவேண்டுவதில்லை.

பிடித்த சாயத்தை என் செய்வது என்பது வேறொரு கேள்வி. கழுவியெடுத்த செறிந்த சாயநீரும், சோர்ந்துபோன தோலும் எங்கேனும் சென்றுதானே ஆகவேண்டும்? சுத்திகரிப்பு நிலையங்களிற் குவியும் சேற்றையே வைக்க இடமின்றித் திருப்பூரார் இடர்ப்பட்டனர். சீமெந்துச் சூளைகளிலிட்டு எரிக்கவும் முயன்றனர். தோலுக்கு ஒரு வசதி உண்டு: அது செலுலோசாகையால் எளிதில் எரியும்.

இனிக் கணக்கு. நண்பர் தம் மாணவர்க்குக் கரும்பலகையில் இதனையும் இட்டுக்காட்டினார். ஒரு சிறு சாயத் தொழிலகம் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லீற்றர் கழிவுநீரை விடுகின்றது எனக் கொள்க. அதில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் சாயம் உளதெனின், மொத்தம் 10 கிலோகிராம். உலர்ந்த தோல் ஒரு கிராம் 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்குமெனின், 100 கிலோகிராம் தோல் வேண்டும். ஒரு லீற்றர் தேங்காய்த் தண்ணீரிலிருந்து ஐந்து கிராம் உலர்ந்த தோல் கிடைக்குமெனின், 20,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். முற்றிய தேங்காய் ஒன்றில் 100 மில்லிலீற்றர் எனக் கணக்கிட்டால், இரண்டு இலட்சம் தேங்காய். அஃதும் ஒருநாட் செலவு!

வகுப்பில் ஆரவாரம் எழுந்தது. ஒருகாலத்திலே தேங்காய்த்துருவல் ஆலைகளிலிருந்து வீணே வடிந்தோடிய தண்ணீரும் இப்போது அடைத்து விற்கப்படுகின்றது. அதனை மலிவாகப் பெறுவதும் எளிதன்று. எனவேதான், தனியே வளர்க்கவேண்டிய தோலினும், ஆலைகளில் ஏற்கனவே குவிந்துகிடக்கும் இறந்த பற்றீரியாக்களே முந்திக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றுகின்றது. நண்பர் இதனை ஒப்பவில்லை. ஒரே தோலைப் பத்துமுறை கழுவிப் பயன்படுத்தலாமெனின் இரண்டு இலட்சம் இருபதினாயிரமாகும், ஐம்பதுமுறையெனின் நாலாயிரமாகும் என்பது அவர் வாதம். ஆகவே மெதிலீன் நீலம் பிடித்த தோலை ஐதான அமிலத்திற் கழுவுவதும், மீண்டும் நீலத்தில் இடுவதும், தெளிவை முன்னையதோடு ஒப்பிட்டுக் குறிப்பதுமாக இருக்கின்றார். அம்முன்வாங்கிற் சிறுவனே குறிப்பேடு எழுதுகின்றான். சென்ற வெள்ளிக்கிழமை வரை ஏழுமுறை ஆயிற்று. ஐந்தாம் முறையிலிருந்து தோலின் ஓரம் பிய்யத் தொடங்கியதாகக் குறித்திருக்கின்றான்.